கொழும்பில் சின்ன ஒஃபிஸ் லாப்டொப் வாங்கப் போகிறவருக்கு

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் முதல் கடைக்குள் நுழைந்து "ஒஃபிஸ் வேலைக்கு நல்ல லாப்டொப் ஒன்று காட்டுங்கோ" என்று கேட்டால், கடைக்காரர் தன்னிடம் கூடுதலாகத் தேங்கியிருப்பதைத்தான் எடுத்து வைப்பார். அவரில் பிழை சொல்ல முடியாது, கேட்டது அப்படி. எந்த மாடல், எந்தத் தலைமுறை, எந்தத் திரை என்று தாளில் எழுதிக்கொண்டு போகிறவரிடம் அவர் கதைக்கும் விதமே வேறு.

13 அல்லது 14 அங்குலத் திரையோடு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்குகிற வர்த்தக ரக லாப்டொப்பை முதல் தடவையாக வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்காய்வுக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வெள்ளவத்தையில் சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள், 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி புறக்கோட்டைக்குப் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். கேம் விளையாடவும் வீடியோ எடிட் பண்ணவும் லாப்டொப் தேடுகிறவர்களுக்கு உதவாது.

விலைகளை எழுதவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்ட நாடு இது. வாங்குகிற கிழமையில் மூன்று கடையில் கேட்ட விலைதான் விலை.

முதல் படி: எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வர்த்தக ரகத்தில் கொழும்பில் தாராளமாகக் கிடைப்பவை மூன்று: லெனோவோவின் திங்க்பேட், எச்பியின் எலைட்புக், டெல்லின் லட்டிடியூட். 2025 முதல் டெல் தன் பெயர்களை மாற்றிவிட்டது. புதிய லட்டிடியூட்கள் இப்போது 'டெல் ப்ரோ' என்று வருகின்றன. சின்ன அளவில் பார்த்தால் திங்க்பேட்டில் எக்ஸ்1 கார்பன், எக்ஸ்13, டி14எஸ். எலைட்புக்கில் 830, 840. லட்டிடியூட்டில் 7000 வரிசை.

அதே கடையில் ஐடியாபேட், பவிலியன், இன்ஸ்பிரோன் எல்லாம் அடுக்கியிருக்கும். அவை வீட்டுப் பாவனைக்கான வரிசைகள். ப்ரொசெஸர் ஒன்றாகவே இருக்கலாம், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் வர்த்தக ரகத்தில் கீபோர்டும் பிணைச்சலும் நாள்பூராவும் பாவிப்பதற்கென்று செய்யப்பட்டவை. கழற்றிப் பூட்டும் முறையைக் கொம்பனியே இணையத்தில் வெளியிடுகிறது. நான்கு வருடம் கழித்தும் கீபோர்ட், பற்றரி, காற்றாடி என்று தனித்தனியாக வாங்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் திருத்துகிறவர்களுக்கும் இவை கைப்பழக்கமானவை.

மக்புக் எயாரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பற்றரியிலும் எடையிலும் அதைக் குறை சொல்ல இடமில்லை. 2020 எம்1 மாடலே இன்றைக்கும் ஒஃபிஸ் வேலைக்குத் தாராளம். ஆனால் உங்கள் ஒஃபிஸ் டாலியில் கணக்கு வைக்கிறதென்றால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள், டாலி விண்டோஸுக்கானது.

இரண்டாம் படி: பெயரை விட்டு இலக்கத்தைப் பிடியுங்கள்

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 'திங்க்பேட் டி14' என்பது ஒரு லாப்டொப்பின் பெயர் இல்லை. அந்தப் பெயரில் பல தலைமுறைகள் இருக்கின்றன. ஒரே தலைமுறைக்குள் 250 நிட்ஸ் வெளிச்சமுள்ள வெளிறிய திரையும் வந்திருக்கிறது, 400 நிட்ஸ் திரையும் வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டிதான். அதே மாடலை ஒரு கடையில் மலிவாகக் கண்டு சந்தோஷப்படுமுன் இதைத்தான் பார்க்கவேண்டும்.

பார்ப்பது சுலபம். அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஸ்டிக்கரில் இலக்கம் இருக்கும். டெல்லில் ஏழு எழுத்து, இலக்கம் கொண்ட சேர்விஸ் டேக். அதை டெல் இணையத்தளத்தில் தட்டினால் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாகங்களோடு வெளியேறியது என்று வரும். லெனோவோவில் மாடல் இலக்கம் முழுவதையும் எடுங்கள். முதல் நான்கு எழுத்து மட்டும் போதாது, திரை எது என்பதை மீதி எழுத்துகள்தான் சொல்லும். எச்பியில் ப்ரொடக்ட் நம்பர். கடைக்காரர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போதே "அண்ணை, அடிப்பக்க ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கோ" என்று கேட்டுவிடுங்கள். அனுப்ப மறுக்கிற கடைக்குப் போய்ப் பஸ் காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: பிறகு மாற்ற முடியாததைப் பட்டியலிடுங்கள்

இந்த மூன்று குடும்பங்களிலும் எஸ்எஸ்டியை, அதாவது கோப்புகள் தங்கும் சேமிப்பை, பிறகும் மாற்றலாம். பற்றரியையும் மாற்றலாம். திரை, எடை, போர்டில் ஒட்டிவந்த ரேம், துளைகள் இவற்றோடு கடைசிவரை வாழவேண்டும். என் கருத்தில் காசு இந்த இரண்டாவது பக்கத்துக்குத்தான் போகவேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியும் நல்ல திரையும் உள்ளதை, 1 டிபி எஸ்எஸ்டியும் மங்கல் திரையும் உள்ளதற்கு முன்னால் எடுப்பேன். கடைகளில் விளம்பரப்படுத்துவது என்னவோ எப்போதும் அந்த 1 டிபியைத்தான்.

ரேம் 16 ஜிபி. எட்டு போதும் என்பார்கள். பிரவுசரில் பதினைந்து பக்கம், ஒரு பெரிய எக்செல், பின்னால் ஒரு சூம் கூட்டம் என்று திறந்தால் எட்டு மூச்சுத் திணறும். ஒட்டிவந்த ரேம் என்றால் எட்டை எடுக்கவே வேண்டாம். துளை உள்ள மாடலில் எட்டோடு வாங்கிப் பிறகு கூட்டலாம். ஆனால் 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டதால், இந்த யுக்தியில் முன்னைப்போல் மிச்சம் பிடிக்க முடியாது. இன்னொன்று, இரண்டு துளையுள்ள இன்டெல் லாப்டொப்பில் ஒரே ஒரு ரேம் துண்டு மட்டும் இருந்தால் கிராஃபிக்ஸ் தன் முழு வேகத்தில் ஓடாது. இரண்டு எட்டு நல்லது.

திரையில் 1366 × 768 என்று கண்டால் பேசாமல் அடுத்த கடைக்குப் போங்கள். 1920 × 1080 குறைந்தபட்சம். 16:10 அளவுத் திரை, அதாவது 1920 × 1200, இன்னும் நல்லது. எக்செலில் கூடுதலாகச் சில வரிகள் தெரியும், ஆவணம் படிக்கவும் வசதி. வெளிச்சம் 300 நிட்ஸாவது இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் இருந்து வேலை செய்கிறவருக்கு 400. எச்பியில் 'ஷுவர் வியூ' என்று, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் மறைக்கும் திரை ஒன்று உண்டு. பஸ்ஸில் உதவும்தான், ஆனால் பழைய தலைமுறைகளில் அதை நிறுத்தினாலும் பக்கவாட்டில் மங்கலாகவே தெரியும். நேரில் பார்க்காமல் எடுக்கவேண்டாம்.

ப்ரொசெஸரைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11ஐ வலிந்து ஏற்றி விற்பதும் நடக்கிறது, அதை எடுக்காதீர்கள். இன்டெல்லில் ஐ5-8250யு என்றால் 8, ஐ5-1135ஜி7 என்றால் 11 என்று தொடக்க இலக்கத்திலேயே தலைமுறை தெரியும். 2023 டிசம்பருக்குப் பிறகு வந்த 'கோர் அல்ட்ரா'வுக்குப் புதிய எண்முறை. ஏஎம்டியில் ஒரு பொறி இருக்கிறது: ரைசன் 7000 வரிசையில் முதல் இலக்கத்தை நம்பக்கூடாது, மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்பது ஸென் 2, 7530யு ஸென் 3, 7540யு ஸென் 4. பத்து பத்தாகக் கூடுவதுபோல் தெரிந்தாலும் இடையில் வருடக்கணக்கான வித்தியாசம்.

ஐ5க்கும் ஐ7க்கும் சண்டை வந்தால், இவ்வளவு மெல்லிய லாப்டொப்பில் ஐ5 எடுத்து மிச்சக் காசை ரேமில் போடுங்கள். சூட்டைத் தாங்க இடமில்லாத பெட்டியில் ஐ7 தன் முழு வேகத்தைக் கொஞ்ச நேரம்தான் காட்டும்.

நான்காம் படி: மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

உதாரணத்துக்கு 2021இன் மூன்று மாடல்களை எடுப்போம். மூன்றிலும் இன்டெல் 11ஆம் தலைமுறை, மூன்றும் 14 அங்குலம். புதிதாக வந்த காலத்தில் விலை எட்டாதவை. இப்போது பாவித்த லாப்டொப்களாகப் பார்க்கலாம்.

எக்ஸ்1 கார்பன் ஒன்பதாம் தலைமுறை: சுமார் 1.13 கிலோவிலிருந்து தொடங்குகிறது. திரை 16:10. பற்றரி 57 வாட்-மணி (வாட்-மணி என்பது பற்றரியின் கொள்ளளவு). ரேம் போர்டோடு ஒட்டியது, கூட்ட முடியாது.

எலைட்புக் 840 ஜி8: 1.32 கிலோ. திரை 16:9. பற்றரி 53 வாட்-மணி. ரேமுக்கு இரண்டு துளை.

லட்டிடியூட் 7420: சுமார் 1.2 கிலோவிலிருந்து. திரை 16:9. ரேம் ஒட்டியது. பற்றரி இரண்டு வகையில் வந்தது, 42 வாட்-மணி ஒன்று, 63 வாட்-மணி மற்றது. சாதாரண யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று, மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு.

இப்போது யார் எதை எடுப்பது? நாள்பூராவும் தோளில் சுமந்து திரிகிறவர் 16 ஜிபி உள்ள எக்ஸ்1 கார்பனை எடுக்கலாம். அதே பெயரில் 8 ஜிபியோடு மலிவாக ஒன்று வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கணக்காளர் ஒருவர் என்னைக் கேட்டால் எலைட்புக்கைத்தான் சொல்வேன். இருநூறு கிராம் பாரத்துக்குப் பதிலாக, இரண்டு வருடத்தில் ரேமைக் கூட்டும் வாய்ப்பு கிடைக்கிறது. லட்டிடியூட்டை 63 வாட்-மணிப் பற்றரி இருந்தால் மட்டும் பார்க்கலாம். 42 உள்ளதை வாங்கினால் நல்ல பற்றரிக்குப் பெயர்போன மாடலின் நல்ல பற்றரி இல்லாத வடிவத்தை வாங்கினீர்கள் என்று அர்த்தம்.

நீங்கள் பார்க்கும் மாடல்கள் வேறாக இருக்கலாம். ஆனால் எடை, திரை அளவு, பற்றரி, ரேம் துளை, யூஎஸ்பி எண்ணிக்கை என்று இதே வரிசையில் எழுதினால் ஒரு பக்கத்துக்குள் முடிவு தெரிந்துவிடும்.

பற்றரிக் கணக்கும் கரண்டும்

'12 மணித்தியாலம் நிற்கும்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு, நீங்கள் வாட்-மணியை வகுத்துப் பாருங்கள். லேசான ஒஃபிஸ் வேலைக்கு 7 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 50 வாட்-மணிப் பற்றரி ஏழு மணித்தியாலம். பற்றரி தேய்ந்து 70 வீதத்தில் நின்றால் 35 வாட்-மணி, ஐந்து மணித்தியாலம். பாவித்த லாப்டொப்பில் இந்த இரண்டாவது கணக்கைத்தான் போடவேண்டும்.

தேய்மானத்தைக் கடையிலேயே பார்க்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டுங்கள். அறிக்கை ஒரு கோப்பாக வரும். புதிதாக இருந்தபோது கொள்ளளவு என்ன, இப்போது முழுச் சார்ஜில் என்ன என்று இரண்டு எண் இருக்கும். 80 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கேட்டு, அதை லாப்டொப் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கரண்ட் விடயத்தில் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2022இன் நீண்ட வெட்டுகளைக் கடந்து, 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கால் நாடே இருட்டானதையும் பார்த்தவர்கள் நாங்கள். யூஎஸ்பி-சி மூலம் சார்ஜ் ஏறுகிற மாடலை எடுங்கள். 65 வாட் சார்ஜர் ஒன்றே லாப்டொப்புக்கும் போனுக்கும் போதும், அவசரத்துக்குத் தகுந்த பவர் பேங்கிலும் ஏற்றலாம். சார்ஜரின் வயர் முனையையும் பாருங்கள். ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவற்றில் நம் சுவருக்குப் பொருந்தாத பிளக் இருக்கும். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வயரை மட்டும் 13 அம்பியர் சதுரக் கால் வயராக மாற்றினால் சரி. ஆடுகிற அடப்டரைக் குத்தி ஓட்டவேண்டாம்.

சிம் போடும் துளை இருக்கிறது என்று சொன்னால், உள்ளே மொடெம் இருக்கிறதா என்று கேளுங்கள். துளை இருக்கும், மொடெமும் அன்டெனா வயரும் இருக்காது. இது சாதாரணமாக நடப்பது.

பாவித்ததை வாங்குவதென்றால்

வெளிநாட்டுக் கொம்பனிகள் மூன்று, நான்கு வருடம் பாவித்துக் கழித்துவிட்டவை தொகை தொகையாக இங்கே வருகின்றன. வர்த்தக ரகத்தில் நல்ல பேரம் பெரும்பாலும் இவற்றில்தான். ஆனால் பழைய முதலாளியின் பூட்டு சிலவற்றில் இன்னும் இருக்கும்.

முதலில் பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு. லாப்டொப்பை ஒன் பண்ணும்போது திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 விசையை அழுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். "பிறகு எடுத்துத் தாறன்" என்ற வாக்குறுதியை ஏற்கவேண்டாம்.

இரண்டாவது பூட்டு கண்ணுக்குத் தெரியாது. பெரிய கொம்பனிகள் தங்கள் லாப்டொப்களை மைக்ரோசொஃப்டின் 'ஓட்டோபைலட்' முறையில் பதிந்து வைத்திருப்பார்கள். கடையில் ஏற்றித்தந்த விண்டோஸில் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து நீங்கள் ரீசெட் பண்ணி இணையத்தில் இணைத்ததும், எங்கேயோ இருக்கும் ஒரு கொம்பனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய மின்னஞ்சலைக் கேட்கும். அதனால் காசு கொடுக்குமுன் விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல்லி, உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, தொடக்கத் திரையைப் பாருங்கள். நேரம் எடுக்கும், கீழே போய் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வரலாம். மக்புக்கிலும் இதே சோதனை, அங்கே அக்டிவேஷன் லொக் என்பார்கள்.

விண்டோஸ் அக்டிவேஷன் பக்கத்தையும் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்றிருந்தால் நல்லது. 'நிறுவனத்தின் சேவை மூலம்' என்ற பொருளில் ஏதாவது இருந்தால், அது 180 நாளுக்கொரு தடவை புதுப்பிக்கவேண்டிய வகை. தனி ஆளுக்கு விற்கும் லாப்டொப்பில் அதற்கு வேலையில்லை. புது லாப்டொப்பில் 'டொஸ்' என்று போட்டு விலையைக் குறைத்திருந்தால் விண்டோஸ் இல்லாமல் வருகிறது, அந்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

கீபோர்டில் மேல் எழுத்து வரிசையின் முதல் ஆறு எழுத்தைப் பாருங்கள், க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று இருக்கவேண்டும். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சுக் கீபோர்ட் வேறு. மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள், இரண்டு மாதத்தில் அது உரியும். தமிழ் எழுத்து அச்சிட்ட விசைகளுக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள். தமிழ் 99 விண்டோஸிலேயே இருக்கிறது, பழகிய விரல் விசையைப் பார்ப்பதுமில்லை.

கடையில் அரை மணித்தியாலம்

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கறையும் புள்ளியும் இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் எல்லா விசையையும் அழுத்துங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பென் டிரைவைக் குத்துங்கள், இரண்டு யூஎஸ்பி-சியிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் கிடந்தவற்றில் துளைகளின் உலோகம் பச்சை பிடித்திருக்கும், போன் டோர்ச்சை அடித்தால் தெரியும். பத்து நிமிடம் யூடியூப் ஓடவிட்டு அடிப்பக்கச் சூட்டையும் காற்றாடிச் சத்தத்தையும் கவனியுங்கள். ஏசிக் கடையில் அமைதியாக இருப்பது உங்கள் வீட்டு முன்னறையில் இரையும் என்பதையும் மனதில் வையுங்கள். கெமராவையும் மைக்கையும் ஒரு வட்ஸ்அப் கோலில் பார்த்துவிடலாம்.

காசு, பில், வாரண்டி

சொன்ன விலை வற் சேர்த்ததா என்று முதலில் கேளுங்கள். 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். கொம்பனிகளுக்கு விற்றுப் பழகிய கடைகள் வற் இல்லாத விலையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கூட்டுவதுண்டு. அப்புறம், அது காஷ் விலையா கார்ட் விலையா? தவணைக்கும் அதே விலையா? மூன்றுக்கும் மூன்று பதில் வரலாம்.

வாரண்டி இரண்டு வகை. இங்குள்ள முகவர் கொடுப்பது ஒன்று, கடை தானே கொடுப்பது மற்றது. வெளியிலிருந்து நேரே இறக்கிய புது லாப்டொப் மலிவாக இருக்கும், ஆனால் முகவர் அதைத் தொடமாட்டார் என்ற நிலை வரலாம். சீரியல் இலக்கத்தைக் கொம்பனியின் இணையத்தளத்தில் போட்டால் வாரண்டி எந்த நாட்டில், எந்தத் திகதியில் தொடங்கியது என்று வரும். 'புதுசு' என்று சொன்னதற்கு எட்டு மாதம் முந்திய திகதி காட்டினால் அதற்கு விளக்கம் கேட்கலாம். கடை வாரண்டி என்றால் பற்றரியும் சார்ஜரும் அதில் அடங்குமா, பாகம் மாற்றுவதா காசைத் திருப்புவதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லில் சீரியல் இலக்கமும் இருக்கவேண்டும். பில்லே தரமாட்டோம் என்றாலோ, எழுதியதை மறுத்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். அந்த எண்ணைக் கடையில் சத்தமாகச் சொன்னாலே சில வேளை காரியம் நடக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பெட்டியை எறியாதீர்கள். எப்போதும் சார்ஜரில் குத்தியபடி வேலை செய்கிறவர் என்றால் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலியிலும், டெல்லிலும் எச்பியிலும் பயோஸுக்குள்ளும் அது இருக்கிறது. மாற்றித் தருவதாகக் கடை எத்தனை நாள் சொன்னதோ அத்தனை நாளுக்குள் லாப்டொப்பை முழு வேலைக்கும் போட்டுப் பாருங்கள். பிரின்டர், புரொஜெக்டர், ஒஃபிஸ் வைஃபை, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது எல்லாம் அந்த நாட்களுக்குள் தெரிந்துவிடவேண்டும்.